வளத்தைத் தின்று தீர்க்கும் மக்கள்தொகை: எந்தக் கணித மாதிரியை எடுப்பது?

காடு, மீன், மேய்ச்சல் நிலம் எல்லாமே எடுத்தால் திரும்ப வளரும் வளங்கள். வளரும் வேகத்தைத் தாண்டி எடுத்தால் அவை குறையும்; அவற்றை நம்பி வாழ்பவர்களும் குறைவார்கள். இவ்வளவு வெளிப்படையான விஷயத்துக்குக் கணித மாதிரி எதற்கு என்று கேட்கலாம். "குறையும்" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு கதைகள் இருக்கின்றன, அதற்குத்தான். மெல்லக் குறைந்து ஓர் அளவில் நின்றுவிடுவது முதல் கதை. உச்சத்துக்குப் போய், சரிந்து, மறுபடி எழுவது இரண்டாவது. சரிந்தபின் எழவே எழாதது மூன்றாவது. முதல் கதை நடக்கப் போகிறது என்றால் பதறத் தேவையில்லை. மூன்றாவது என்றால் இன்றே கை வைக்க வேண்டும். எது நடக்கும் என்பது வாய்ப்பேச்சில் தெரியாது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆய்வேட்டுக்காகவோ, வள மேலாண்மைத் திட்டத்துக்காகவோ, சொந்த ஆர்வத்திலோ இப்படியொரு மாதிரியைக் கட்ட உட்காருபவர் முன்னால் ஏழெட்டு வழிகள் விரிகின்றன. இரண்டே சமன்பாட்டில் முடியும் மாதிரிகள் ஒரு பக்கம். நூற்றுக்கும் மேற்பட்ட சமன்பாடுகள் கொண்ட உலக மாதிரி இன்னொரு பக்கம். ஒவ்வொரு குடும்பத்தையும் கணினிக்குள் தனித்தனியாக நடமாட விடும் மாதிரிகளும் உண்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு இரண்டு சமன்பாடு போதும். ஆனால் அதில் அறுவடை என்ற ஒரு பகுதியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் அந்த மாதிரியின் தலையெழுத்தே இருக்கிறது. அதை யோசிக்காமல் பெரிய மாதிரிக்குத் தாவுவது வீண் வேலை.

ஈஸ்டர் தீவு மாதிரி

இத்துறையில் அதிகம் பேசப்படுவது 1998-இல் ஜேம்ஸ் பிராண்டர், ஸ்காட் டெய்லர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் வெளியிட்ட மாதிரி. ஈஸ்டர் தீவை, அதாவது ராப்பா நுயியை, எடுத்துக்கொண்டார்கள். காடும் மண்ணும் சேர்ந்த வளம் ஒன்று, அதை உண்டு வாழும் மக்கள் என்று இரண்டே மாறிகள். வளம் லாஜிஸ்டிக் முறையில் வளரும்: குறைவாக இருக்கும்போது தன் அளவுக்கேற்ற வேகத்தில் பெருகும், தாங்குதிறனை, அதாவது அந்த இடத்தில் அது வளரக்கூடிய உச்ச அளவை, நெருங்க நெருங்க வேகம் குறையும். அறுவடை என்பது வளத்தின் அளவையும் மக்கள் எண்ணிக்கையையும் பெருக்கி ஒரு மாறிலியால் பெருக்கினால் வருவது. அறுவடையே இல்லாவிட்டால் மக்கள் பத்தாண்டுக்கு 10% வீதம் குறைவார்கள்; அறுவடை நன்றாக இருந்தால் கூடுவார்கள். 1920-களில் லோட்காவும் வோல்ட்டெராவும் எழுதிய இரை–கொன்றுண்ணிச் சமன்பாடுகளின் குடும்பம்தான் இது. மனிதன் கொன்றுண்ணியின் இடத்தில் நிற்கிறான்.

இந்த மாதிரியின் பெரிய பலம், காகிதத்தில் கையாலேயே கணக்குப் போட்டுவிடலாம் என்பது. அவர்கள் வைத்த எண்கள் இவை: தாங்குதிறன் 12,000 அலகு, வளத்தின் வளர்ச்சி வீதம் பத்தாண்டுக்கு 4%, கி.பி. 400-இல் 40 பேர். வளம் முழுதாக இருக்கும்போது மக்கள் பத்தாண்டுக்கு 9.2% பெருகுகிறார்கள். வளம் 6,250 அலகுக்கு வந்ததும் பெருக்கம் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் வளம் எவ்வளவு மீண்டும் வளர்கிறதோ அதை உண்ணக்கூடிய மக்கள் சுமார் 4,800 பேர். அதுதான் சமநிலை. ஆனால் மக்கள்தொகை அங்கே போய் அமைதியாக நிற்பதில்லை. முதலில் பத்தாயிரத்தை ஒட்டிய உச்சத்துக்கு ஏறிவிட்டுப் பிறகு சரிகிறது. ஓர் ஏற்ற இறக்கச் சுற்றுக்கு ஏறக்குறைய 1,500 ஆண்டு பிடிக்கிறது.

ஏன் ஏறிச் சரிகிறது? வளத்தின் வளர்ச்சி வீதம் அவ்வளவு குறைவு. அந்தத் தீவின் பனை, சிலி நாட்டுப் பனைக்கு நெருங்கிய இனம். காய்ப்புக்கு வர 40 முதல் 60 ஆண்டு ஆகும். தென்னை 7 முதல் 10 ஆண்டிலேயே காய்த்துவிடும். வளர்ச்சி வீதத்தை 4%-க்குப் பதில் 35% என்று வைத்து ஓட்டினால், அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்கு அரிதாகவே தெரிகிறது. ஒரே மக்கள், ஒரே பழக்கவழக்கம். மரம் மட்டும் வேறு. மற்ற பசிபிக் தீவுகள் சரியாமல் நின்றதற்கு இதுவே காரணம் என்றார்கள் பிராண்டரும் டெய்லரும். சரிந்தவர்களின் பேராசையைக் குறை சொல்லாமல் மரத்தின் வயதைக் காட்டியது இந்த மாதிரியின் நல்ல பங்களிப்பு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. கி.பி. 400 என்ற தொடக்கம் இன்று நிற்கவில்லை. 2006-இல் டெர்ரி ஹன்ட், கார்ல் லிப்போ இருவரும் வெளியிட்ட கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு, குடியேற்றம் ஏறக்குறைய 1200-இல்தான் என்றது. அதே மாதிரியில் வேறு எந்த எண்ணையும் தொடாமல் தொடக்க ஆண்டை மட்டும் 1200 என்று மாற்றிப் பாருங்கள். டச்சு மாலுமி ரோகவீன் 1722-இல் தீவில் இறங்கும்போது 52 பத்தாண்டுகள் கழிந்திருக்கும். 40 பேர் பத்தாண்டுக்கு 9.2% என்ற முழு வேகத்திலேயே பெருகினால்கூட 4,900-ஐத் தாண்ட மாட்டார்கள். அவர்கள் அதுவரை எடுத்ததையெல்லாம் கூட்டினால் வளம் 9,400 அலகுக்குக் கீழே போயிருக்க வழியில்லை. அதாவது மக்கள்தொகை இன்னும் ஏறுமுகத்தில்தான் இருக்கும். சரிவை விளக்க எழுதிய அதே மாதிரி, சரியான தேதியைக் கொடுத்ததும் சரிவே இல்லை என்று சொல்லிவிடுகிறது.

மரபணுச் சான்றும் அந்தப் பக்கமே சாய்கிறது. 2024-இல், 15 பழந்தீவினரின் எச்சங்களிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை ஆராய்ந்த ஆய்வு, 1600-களில் பெரும் மக்கள்தொகைச் சரிவு நடந்ததற்கு அடையாளம் இல்லை என்றும், 1860-கள் வரை மக்கள்தொகை சீராகவே பெருகியது என்றும் கண்டது. 1862–63-இல் பெருவிலிருந்து அடிமை பிடிக்க வந்தவர்கள் பெருந்தொகையான தீவினரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877-இல் மிஞ்சியவர்கள் 111 பேர். காடு அழிந்தது உண்மை. அதில் மனிதரோடு எலிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் காடு போனபின்னும் அந்த மக்கள் கற்களை நிலத்தில் பரப்பி ஈரத்தையும் சத்தையும் காத்துப் பயிர் செய்து வாழ்ந்தார்கள். ஒரே ஒரு வளம், அது போனால் சோறு போச்சு என்று எழுதிய சமன்பாட்டில் இந்தக் கல்தோட்டத்துக்கு இடமே இல்லை. தங்கள் தீவைத் தாங்களே தின்று அழிந்தவர்கள் என்று ஒரு மக்கள் கூட்டத்தைப் பல பத்தாண்டுகள் உலகமே உதாரணம் காட்டிப் பேசியது. மாதிரி கட்டுகிற ஒவ்வொருவரும் இதை நெஞ்சில் வைத்திருக்க வேண்டும். வளைவு பொருந்தியதால் வரலாறு அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிடாது.

அப்படியானால் பிராண்டர்–டெய்லர் மாதிரியைத் தூக்கிப் போடலாமா? வேண்டாம். ஒரு குறிப்பிட்ட தீவின் வரலாறாக அது நிற்கவில்லை. ஆனால் மெதுவாக வளரும் வளமும் வேகமாகப் பெருகும் மக்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கான விளக்கமாக இன்றும் நிற்கிறது.

பசித்தவர் எப்படி எடுப்பார்?

அந்த மாதிரியில் எனக்கு உண்மையிலேயே உறுத்துவது வேறொன்று. மக்கள் தங்கள் உழைப்பில் 40%-ஐ எப்போதும் அறுவடைக்கே கொடுப்பார்கள் என்று வைத்திருக்கிறார்கள். மீதி 60% வேறு பொருள்களுக்கு. வளம் பாதியானாலும் 40% தான், பத்தில் ஒன்றானாலும் 40% தான். பஞ்சத்தில் இருக்கும் குடும்பம் எதுவும் இப்படி நடக்காது. மீன் குறைந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்பி, இன்னும் தூரம் போய், இன்னும் நேரம் செலவழித்துப் பிடிப்பார்கள். 2003-இல் பெஸ்ஸி, ஆண்டரீஸ் இருவரும் இதைத்தான் திருத்தினார்கள். உயிர் பிழைக்க ஒரு குறைந்தபட்ச உணவு வேண்டும் என்று சேர்த்ததும், வளம் குறையக் குறைய உழைப்பு அறுவடைப் பக்கம் சாய்கிறது. சரிவு இன்னும் கடுமையாகிறது.

இதன் மறுகோடியில் நிற்பது வில்லியம் பாசனர், டேவிட் ராஸ் எழுதிய மாதிரி. அதுவும் ஈஸ்டர் தீவையே எடுத்துக்கொண்டது. இதில் ஒவ்வொரு மனிதனும் வளம் எவ்வளவு இருந்தாலும் ஒரே அளவு எடுப்பான். மக்கள்தொகைக்கும் ஒரு லாஜிஸ்டிக் சமன்பாடு. ஆனால் அதன் தாங்குதிறன் நிலையானதல்ல, அந்த நேரத்தில் மிஞ்சியிருக்கும் வளமே தாங்குதிறன். எளிமையான, அழகான யோசனை. விளைவு பயங்கரம். ஆளுக்கு எடுக்கும் வீதம் வளத்தின் வளர்ச்சி வீதத்தைத் தாண்டினால், இரண்டும் சேர்ந்து நிலைக்கும் சமநிலையே கிடையாது. தாண்டாவிட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை: மக்கள், வளம் இரண்டின் வளர்ச்சி வீதங்களின் சராசரியைவிட எடுக்கும் வீதம் கூடினால் அந்தச் சமநிலை நிலையற்றதாகிவிடும். வளம் குறிப்பிட்ட நாளில் பூச்சியத்தைத் தொட்டுவிடும், மக்களும் அதோடு போவார்கள். பிராண்டர்–டெய்லரில் இது நடக்கவே முடியாது. அங்கே வளம் குறையக் குறைய அறுவடையும் தானாகக் குறைவதால் வளம் ஒருபோதும் பூச்சியம் ஆகாது.

இந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். ஒரே தீவு, ஏறக்குறைய ஒரே தரவு. ஒரு மாதிரி "சரிந்தாலும் மீள்வீர்கள்" என்கிறது, இன்னொன்று "அடியோடு போவீர்கள்" என்கிறது. இரண்டுக்கும் மக்கள் பெருகும் சமன்பாட்டிலும் வேறுபாடு உண்டு என்றாலும், இந்தப் பெரிய பிளவுக்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி: வளம் குறையும்போது ஆளுக்குக் கிடைப்பது குறைகிறதா, குறையாமல் இருக்கிறதா? முன்னதில் அது வளத்தோடு சேர்ந்து நேராக இறங்குகிறது. பின்னதில் அசையவே இல்லை. உண்மை வாழ்க்கை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

அலாஸ்காவை ஒட்டிய செயின்ட் மேத்யூ தீவுக்கு 1944-இல் 29 கலைமான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1957-இல் 1,350 ஆயின, 1963-இல் 6,000. ஒரு கடும் பனிக்காலம் கழித்து 1966-இல் எண்ணியபோது இருந்தவை 42. பாசனர்–ராஸ் வகை மாதிரிக்கு இது கனகச்சிதமாகப் பொருந்துவதுபோல் தெரியும். குளிர்காலத்தில் உண்ண மெதுவாக வளரும் பாசிக்காளான் (லைக்கன்) தான் இருந்தது, தீவைவிட்டு வெளியேற வழியில்லை. மனிதருக்கு அப்படியே பொருத்த வேண்டாம். மனிதர் உணவை மாற்றுவார்கள், இடம் பெயர்வார்கள், கூடிப் பேசி விதி வகுப்பார்கள். பொது வளங்களைச் சமூகங்களே விதி வகுத்துக் காத்துவந்ததை ஆராய்ந்ததற்காகத்தான் எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளியல் நோபல் பெற்றார்.

நடுவே ஒரு திருகு

சரி, இரண்டு கோடிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டுமா? தேவையில்லை. இரண்டையும் ஒரே சமன்பாட்டில் பிடிக்க ஒரு வழி சூழலியலில் வெகுநாளாக இருக்கிறது. ஆளுக்கான அறுவடையை நிறைவடையும் வளைவாக எழுதுவது அது. வளம் ஏராளமாக இருக்கும்போது ஓர் ஆள் எடுப்பது ஓர் உச்ச அளவில் நின்றுவிடும். வளம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இறங்கும்போது அந்த உச்சத்தில் பாதிதான் கிடைக்கும். அந்தக் குறிப்பிட்ட அளவை அரைநிறைவு அளவு என்போம். அது மிகப் பெரியதாக இருந்தால் சமன்பாடு பிராண்டர்–டெய்லர் அறுவடையாகிவிடுகிறது. மிகச் சிறியதாக இருந்தால் பாசனர்–ராஸ் அறுவடை. ஒரே திருகைத் திருப்பி இரு கோடிக்கும் போய் வரலாம்.

1963-இல் ரோசன்ஸ்வைக்கும் மெக்ஆர்தரும் விலங்குகளுக்காக எழுதிய மாதிரியின் வடிவம்தான் இது. அதோடு தெளிவான ஒரு நிபந்தனையும் இலவசமாகக் கிடைக்கிறது. தாங்குதிறனிலிருந்து அரைநிறைவு அளவைக் கழித்து இரண்டால் வகுங்கள். சமநிலையில் வளம் அந்த எண்ணுக்கு மேலே நின்றால், எழும் அலைவு தணிந்து அடங்கும். கீழே நின்றால் அடங்காது. ஏற்றமும் சரிவும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் உடனே தெரிகின்றன. சமநிலை வளம் தாங்குதிறனில் பாதிக்கு மேல் இருந்தால், அரைநிறைவு அளவு எதுவானாலும் கவலையில்லை, கடைசியில் அடங்கிவிடும். இரண்டாவது விஷயம் கொஞ்சம் அதிர்ச்சி தரும். மற்ற எல்லாம் அப்படியே இருக்க, தாங்குதிறனை மட்டும் கூட்டினால், அதாவது நிலம் வளமானதாக ஆனால், சமநிலை வளம் இருந்த இடத்திலேயே நிற்க எல்லை மட்டும் மேலே ஏறுகிறது. நிலையாக இருந்த அமைப்பு நிலையற்றதாகிவிடுகிறது. 1971-இல் ரோசன்ஸ்வைக் இதை வளமூட்டலின் முரண் என்று எடுத்துக்காட்டினார். "வளத்தைப் பெருக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று நினைக்கும் திட்டங்கள் அனைத்தும் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

கையில் ஒரு வளமும் ஒரு மக்கள் கூட்டமும் ஓரளவு தரவும் இருப்பவருக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். இரண்டு சமன்பாடு, நிறைவடையும் அறுவடை. பிராண்டர்–டெய்லரைவிட ஒரே ஓர் அளவுரு கூடுதல், அவ்வளவுதான்.

மூன்றாவது கதை, அதாவது எழவே எழாத சரிவு, உங்கள் வளத்துக்கு உண்டா என்று சந்தேகம் இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். மேய்ச்சல் நிலத்துக்காக நோய்-மெய்ர் 1975-இலும், பொதுவாக ராபர்ட் மே 1977-இலும் காட்டிய மாதிரிகளில், ஒரே மேய்ச்சல் அழுத்தத்தில் இரண்டு நிலையான நிலைகள் இருக்க முடியும்: பசுமையானது ஒன்று, வறண்டது ஒன்று. விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்துவிட்டால், ஆடுமாடுகளைக் கொஞ்சம் குறைத்தால் போதாது. விழுந்த இடத்தைவிட வெகுதூரம் பின்னுக்கு வந்தால்தான் புல் மீளும். ஆனால் மீட்சி தாமதமானவுடன் விளிம்பு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் எட்டு லட்சம் டன் பிடித்தார்கள். 1992 ஜூலையில் மீன்பிடியை நிறுத்தும்போது இரண்டு ஆண்டுத் தடை என்றுதான் அறிவித்தார்கள். ஏறக்குறைய 30,000 பேரின் பிழைப்பு ஒரே நாளில் போயிற்று. அந்தத் தடை விலக 2024 ஆனது. இது விளிம்பைத் தாண்டிய கதைதானா? சாதாரண லாஜிஸ்டிக் வளர்ச்சியையே எடுத்து, தாங்குதிறனில் 1% மீன் எஞ்சி ஆண்டுக்கு 20% வீதம் பெருகுகிறது என்று வைத்தால், பாதிக்கு வர 23 ஆண்டு ஆகும். விளிம்பே இல்லாமல் இத்தனை காலம் பிடிக்கலாம். முதலில் இந்தச் சிறு கணக்கைப் போட்டுவிட்டு, அதில் அடங்காத தாமதத்துக்கு மட்டும் விளிம்பைக் கொண்டுவருவது நல்லது.

மற்ற வழிகள்

மீனவர் எண்ணிக்கை பிறப்பு இறப்பால் மாறாமல், இலாபத்தைப் பார்த்து மட்டும் மாறும் நிலையா? அப்போது மக்கள்தொகைச் சமன்பாடே வேண்டாம். 1954-இல் கார்டனும் ஷேஃபரும் தனித்தனியே எழுதியவை சேர்ந்து உருவான மீன்பிடி மாதிரி போதும். வளம் தாங்குதிறனில் பாதியில் நிற்கும்போதே அதிகபட்ச நிலையான அறுவடை. தடையற்ற மீன்பிடியில் வருமானமும் செலவும் சமமாகும் வரை படகுகள் வந்துகொண்டே இருக்கும். பத்து இருபது ஆண்டுக் கேள்விகளுக்கு இது சரி. தலைமுறைக் கணக்குக்கு உதவாது.

ஹேண்டி என்று அழைக்கப்படும் மாதிரியை 2014-இல் மோட்டெஷர்ரெய், ரிவாஸ், கால்நே மூவரும் வெளியிட்டார்கள். நான்கு சமன்பாடுகள்: உழைக்கும் மக்கள், மேட்டுக்குடி, இயற்கை, சேர்த்துவைத்த செல்வம். இதன் புதுமை மேட்டுக்குடி, சேமிப்பு என்ற இரண்டு சேர்க்கைகளில் இருக்கிறது. சேமிப்பு இருப்பதால் இயற்கை குறைந்த பிறகும் கொஞ்ச காலம் யாருக்கும் வலி தெரியாது. மேட்டுக்குடி பல மடங்கு நுகர்வதால் பஞ்சம் முதலில் உழைப்பவர்களைத்தான் அடிக்கும். மேலே இருப்பவர்களுக்கு அது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். இந்த மாதிரியில் இரண்டு வகைச் சரிவு வருகிறது. ஒன்றில் இயற்கை தீர்ந்து சமூகம் விழுகிறது. மற்றதில் உழைப்பவர்கள் அழிந்து சமூகம் விழுகிறது, அதன்பின் இயற்கை மட்டும் தழைத்து நிற்கிறது. இந்த இரண்டாவது வகையை இரண்டு சமன்பாட்டு மாதிரி எதுவும் காட்ட முடியாது. உங்கள் கேள்வி ஏற்றத்தாழ்வு பற்றியது என்றால் ஹேண்டியை எடுங்கள். ஆனால் அது எந்த ஒரு வரலாற்றுச் சமூகத்தின் தரவோடும் பொருத்தப்பட்டதல்ல. நுகர்வு மடங்கு எவ்வளவு என்ற அளவுருவை அளக்க உங்களிடம் வழி இல்லையென்றால் விடை உங்கள் ஊகத்தைத்தான் திருப்பிச் சொல்லும்.

1972-இல் ரோம் மன்றத்துக்காக எம்.ஐ.டி.யில் உருவான வேர்ல்ட்3 என்ற உலக மாதிரி, இந்த வேலைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. மக்கள்தொகை, தொழில், உணவு, மாசு, புதுப்பிக்க முடியாத வளம் என்று முழு உலகையும் ஒரே அலகாக 1900 முதல் 2100 வரை ஓட்டுகிறது. அதில் சரிவை அதிகம் இழுப்பது தாதுவும் எரிபொருளும் தீர்வதுதான். காடும் மீனும் தனித்த மாறிகளாக இல்லை. புதுப்பிக்கத்தக்க வளம் பற்றிய கேள்விக்கு அதை எடுப்பது தவறான கருவியை எடுப்பது.

ஒவ்வொரு குடும்பத்தையும் கணினிக்குள் தனித்தனியாக நடமாட விடும் முகவர் சார்ந்த மாதிரிகளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அரிசோனாவின் லாங் ஹவுஸ் பள்ளத்தாக்கு. கி.பி. 800 முதல் 1350 வரை அங்கே வாழ்ந்த மூதாதைப் புவெப்லோ மக்களின் ஒவ்வொரு குடும்பத்தையும் கணினியில் உருவாக்கினார்கள். குடும்பத்துக்கு ஐந்து பேர், ஆண்டுக்கு 800 கிலோ மக்காச்சோளம் தேவை, ஒரு ஹெக்டேர் கட்டங்களாகப் பிரித்த நிலம். மர வளையங்கள் முதலான சான்றுகளிலிருந்து ஆண்டுதோறுமான வறட்சியையும் விளைச்சலையும் கணக்கிட்டார்கள். 2002-இல் ஆக்ஸ்டெல், எப்ஸ்டைன் குழு வெளியிட்ட முடிவில், மாதிரியின் மக்கள்தொகை உண்மையான வரலாற்றை நன்றாகவே பின்தொடர்ந்தது. 1300-ஐ ஒட்டிச் சரிந்தது. ஆனால் ஓர் இடத்தில் விலகியது: உண்மையில் பள்ளத்தாக்கு முழுதாகக் காலியானது, மாதிரியிலோ கொஞ்சம் பேர் தங்கினார்கள். அந்த விலகலே அந்த மாதிரியின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு. நிலம் இன்னும் சிலரைத் தாங்கியிருக்கும். கிளம்பியதற்கு வறட்சிக்கு வெளியே காரணம் இருந்திருக்க வேண்டும். 2009-இல் மார்கோ ஜான்சன் இதைத் திரும்பச் செய்துபார்த்தபோது, அந்தப் பொருத்தத்தில் பெரும்பகுதி நிலத்தின் தாங்குதிறன் ஆண்டுதோறும் மாறியதிலிருந்தே வருகிறது என்று காட்டினார். இவ்வளவு நுணுக்கமான ஆண்டுவாரித் தரவு உங்களிடம் இருந்தால் இந்த வழியில் போங்கள், பலன் நிச்சயம். இல்லையென்றால் நூறு குடும்பங்களுக்கு நூறு ஊகங்களை எழுதிவைத்ததாகத்தான் முடியும்.

ஓட்டுவதற்கு முன்

எதை எடுத்தாலும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது தாமதம். மேலே சொன்ன எளிய மாதிரிகளில் பசி வந்த கணமே பிறப்பு குறைகிறது. உண்மையில் குழந்தை வளர்ந்து பெற்றோர் ஆக இருபது ஆண்டு போகும். தாமதம் கொண்ட லாஜிஸ்டிக் சமன்பாட்டில் வளர்ச்சி வீதத்தையும் தாமதத்தையும் பெருக்கி வருவது 1.57-ஐத் தாண்டினால் சமநிலை உடைந்து அலைவு நிலைத்துவிடும். அதனால் தாமதத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் இருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், கணினிக் கணக்கின் படி அளவு, அதாவது ஒவ்வொரு முறையும் காலத்தை எவ்வளவு முன்னே நகர்த்துகிறோம் என்பது. பாசனர்–ராஸ் வகை மாதிரியில் வளம் பூச்சியத்தை நெருங்கும்போது மக்கள்தொகையை வளத்தால் வகுக்கும் பகுதி வெடித்துப் பெரிதாகும். பெரிய படிகளில், இப்போதைய வேகத்தை வைத்தே அடுத்த படிக்கு நேராகத் தாவும் ஆய்லர் முறையில் ஓட்டினால் வளம் எதிர்மறைக்குப் போய், அதற்குப் பிறகு வரும் வளைவு முழுதும் குப்பை. படியைத் தானாகச் சுருக்கும் ரூங்கே–குட்டா முறையை வைத்து, வளம் ஒரு மிகச் சிறிய அளவைத் தொட்டதும் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

மூன்றாவதும் முக்கியமானதும், அரைநிறைவு அளவை எந்தத் தரவிலிருந்து எடுக்கிறீர்கள் என்பது. படகு ஒன்றுக்கு எவ்வளவு மீன் என்ற கணக்குதான் எளிதில் கிடைக்கும். ஆனால் அது ஏமாற்றும். மீன் குறையும்போது மிஞ்சியவை ஓரிடத்தில் திரண்டுவிடுகின்றன. கருவியோடு தேடிப் போகும் பெரிய இழுவைப் படகுக்குக் கடைசி வரை வலை நிறையும். நியூஃபவுண்ட்லாந்தில் 1980-களில் கரையோரச் சிறு மீனவர்கள் மீன் வரத்து குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆழ்கடல் இழுவைப் படகுகளின் பிடிவீதமோ நன்றாகவே இருந்தது. அந்த வீதத்தை நம்பியதால் மீன் வளத்தின் மதிப்பீடும் உயர்ந்தே நின்றது. இப்படிப்பட்ட தரவைப் பொருத்தினால் அரைநிறைவு அளவு மிகச் சிறியதாக வரும். அது அந்த வலையின் குணம். அந்தக் கடலை நம்பி வாழும் எல்லோருடைய குணமும் அல்ல. பிடியைச் சாராத கணக்கெடுப்பு இருந்தால் அதிலிருந்து ஒரு மதிப்பு, பெரிய படகுகளிலிருந்து ஒன்று, கரையோர மீனவர்களிடமிருந்து ஒன்று என்று தனித்தனியே பொருத்துங்கள். மூன்றுக்கும் மாதிரியை ஓட்டி, மூன்று வளைவுகளையும் ஒரே படத்தில் போட்டுக் காட்டுங்கள்.